வரைபடம் தந்த வீட்டுரிமை

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கட்டடக் கலைஞரின் வாழ்வைப் பற்றியாகும். கட்டடக் கலைஞர் என்றவுடன் வானளாவிய மாளிகைகளும், பெரிய ஓட்டல்களும், அரசாங்க அலுவலகங்களும் நம் மனக்கண் முன் தோன்றுவது இயல்பு. ஆனால் நாம் கூறப்போகும் அம்மையார், தம் வாழ்நாளில் முப்பது ஆண்டுகளைச் சாக்கடைக் குழாய்களுக்கும், சந்துகளின் அளவைக்கும், சிற்றூர்களின் வரைபடங்களுக்குமே செலவிட்டார். அவர் பெயர் பர்வீன் ரஹ்மான். அவர் தொண்டு புரிந்த இடம் பாகிஸ்தானின் கராச்சி நகரம். 2013-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் மாலை, அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில், அவர் காரில் இருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார்.

சாக்கடை கட்டக் கற்றுக்கொடுத்த ஒருவரை, வரைபடம் வரைந்த ஒருவரை, எதற்காகக் கொல்ல வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம். பெருநகரத்துக் கதையைக் கிராமத்து மக்களிடம் கூறுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அந்த நகரத்தில் நடந்த வேலைக்கு வித்திட்டவர் ஒரு கிராம வளர்ச்சி ஊழியர் என்பது முதற் காரணம். அம்மையார் தம் இறுதி ஆண்டுகளில் பாடுபட்டது, நகரத்தால் விழுங்கப்பட இருந்த சிற்றூர்களுக்காக என்பது இரண்டாவது காரணம்.

குமில்லாவிலிருந்து ஒராங்கிக்கு

அந்தக் கிராம வளர்ச்சி ஊழியரின் பெயர் அக்தர் ஹமீத் கான். 1914-இல் ஆக்ராவில் பிறந்தவர். ஐ.சி.எஸ். என்னும் உயர் பதவியில் இருந்தவர். வங்காளத்தில் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்ததை நேரில் கண்டபின், அப்பதவியைத் துறந்தார். அலிகார் அருகே ஒரு சிற்றூரில் கூலியாளாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் சில காலம் உழைத்துப் பார்த்தார். பிற்காலத்தில், 1959-ஆம் ஆண்டு முதல், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் குமில்லாவில் கிராம வளர்ச்சிக் கழகத்தை நடத்தினார். சிறு விவசாயிகளைக் கூட்டுறவுச் சங்கங்களில் இணைத்து, சேமிப்பும் பாசனமும் பயிற்சியும் ஒருங்கே வளர வழி செய்தார். அப்பணிக்காக 1963-இல் அவருக்கு மகசேசே பரிசு வழங்கப்பட்டது.

இத்தகைய அனுபவம் வாய்ந்தவர், 1980-ஆம் ஆண்டில், தம் அறுபத்தாறாம் வயதில், கராச்சியின் வடமேற்கு எல்லையிலிருந்த ஒராங்கி என்னும் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். ஒராங்கி என்பது குன்றுகளின் அடிவாரத்தில் ஏறத்தாழ 10,000 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடந்த இடம். 1965-ஆம் ஆண்டிலிருந்து மக்கள் அங்குக் குடியேறத் தொடங்கினர். 1971-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கிழக்கிலிருந்து வந்த அகதிகள் பெருந்திரளாகச் சேர்ந்தனர். ஒரு சிறு பகுதி நீங்கலாக, எஞ்சிய நிலம் முழுவதும் தரகர்கள் அரசாங்க நிலத்தை மனையாகப் பிரித்து விற்றது. பணம் கொடுத்தவனுக்கு மனை கிடைத்தது, பட்டா கிடைக்கவில்லை. அத்தகைய குடியிருப்புகளை அந்நாட்டில் 'கச்சி ஆபாதி' என்பர். உறுதிப்படாத குடியிருப்பு என்பது அதன் பொருள்.

பட்டா இல்லாத இடத்திற்கு நகராட்சியின் குழாயும் வராது, சாக்கடையும் வராது. எடுப்புக் கழிப்பிடங்களும் உறிஞ்சு குழிகளுமே ஒராங்கியில் இருந்தன. குழி நிரம்பினால் கழிவுநீர் சந்தில் ஓடும். குழந்தைகள் அதிலேயே விளையாடும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அங்கே நிரந்தர விருந்தாளிகள்.

கான் அவர்கள் வந்தவுடன் எந்தத் திட்டத்தையும் அறிவிக்கவில்லை. பல மாதங்கள் ஒராங்கியின் சந்துகளில் நடந்து, மக்களிடம் பேசிக்கொண்டே இருந்தார். துப்புரவு, வேலை, உடல்நலம், கல்வி ஆகிய நான்குமே தங்கள் குறைகள் என்று மக்கள் கூறினர். இவற்றுள் முதலில் நின்றது சாக்கடையே. இவ்வாறு தொடங்கியதே ஒராங்கி முன்னோடித் திட்டம்.

நான்கு தடைகள்

தங்கள் சாக்கடையைத் தாங்களே கட்டிக்கொள்ள மக்களுக்குக் குறுக்கே நிற்பவை எவை என்று அவர்கள் ஆராய்ந்தனர். நான்கு தடைகள் தென்பட்டன. இந்த நான்கையும் நீங்கள் குறித்துக்கொள்வது நன்று. ஏனெனில் நம் ஊர்களிலும் இவையே நிற்கின்றன.

முதலாவது மனத்தடை. சாக்கடை கட்டுவது சர்க்காரின் வேலை, அதை இனாமாகவே செய்து தரவேண்டும் என்னும் எண்ணம். இரண்டாவது பணத்தடை. ஒப்பந்தக்காரர் கூறும் விலை ஏழைக்கு எட்டாது. மூன்றாவது தொழில்நுட்பத் தடை. குழாய்க்கு எவ்வளவு வாட்டம் வேண்டும், தொட்டியை எங்கே வைப்பது என்பன மக்களுக்குத் தெரியாது. நான்காவது சமூகத் தடை. பத்து வீட்டார் ஒன்றுகூடி ஒரு வேலையை முடிக்கும் பழக்கம் இல்லை.

மனத்தடையைப் பேசித்தான் நீக்க முடியும். வீட்டுக்குள்ளே கழிப்பிடம் உங்களுடையது. வாசலில் உள்ள சந்தும் உங்களுடையதே என்று ஊழியர்கள் எடுத்துரைத்தனர். பணத்தடையை நீக்க, செலவைக் குறைக்கும் வழி தேடினர். ஒப்பந்தக்காரரின் இலாபமும், தேவையற்ற ஆழமும், கனமான அமைப்பும் கழிந்தபின், கழிப்பிடம், சந்துக் குழாய், துணைச் சாக்கடையில் பங்கு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 1,000 பாகிஸ்தான் ரூபாய் ஆயிற்று. அரசாங்க மதிப்பீட்டை நோக்க இது பல மடங்கு குறைவு.

சமூகத் தடையை நீக்கக் கண்ட வழி மிக எளிது. பெரிய சங்கம் எதையும் அவர்கள் அமைக்கவில்லை. ஒரு சந்தில் உள்ள இருபது முப்பது வீடுகளே ஒரு சங்கம் எனக் கொண்டனர். அந்த வீட்டார் தமக்குள் ஒருவரைச் சந்துத் தலைவராகத் தேர்ந்தெடுப்பர். அவர் திட்ட அலுவலகத்துக்கு வந்து உதவி கேட்க வேண்டும். அலுவலகத்தார் வந்து சந்தை அளந்து, மட்டம் பார்த்து, படம் வரைந்து, செலவுக் கணக்கும் போட்டுத் தருவர். கருவிகளையும் அச்சுகளையும் இரவலாகக் கொடுப்பர். வீட்டுக்கு வீடு பணம் திரட்டுவதும், சிமெண்டு வாங்குவதும், ஆள் அமர்த்துவதும், மண் வெட்டுவதும் சந்துத் தலைவரின் பொறுப்பு. திட்ட அலுவலகம் மக்களின் பணத்தை ஒரு நாளும் கையால் தொடவில்லை. நன்றாகக் கவனியுங்கள்: பணம் கைமாறாத இடத்தில் சந்தேகத்துக்கும் இடமில்லை.

அளவை நூலுடன் வந்த பெண்

இப்போது பர்வீன் ரஹ்மான் அம்மையாரிடம் வருவோம். அவர் 1957-இல் டாக்காவில் பிறந்தார். 1971-ஆம் ஆண்டுப் போரின் விளைவாக அவர் குடும்பம் டாக்காவை விட்டு வெளியேறிக் கராச்சிக்கு வந்தது. வீட்டை இழப்பது என்றால் என்ன என்பதை அவர் நூலில் படித்து அறிந்தவர் அல்லர். கராச்சியில் தாவூத் பொறியியல் கல்லூரியில் கட்டடக் கலை பயின்று 1982-இல் பட்டம் பெற்றார். சில காலம் ஒரு தனியார் நிறுவனத்தில் கட்டட வடிவமைப்பு வேலை பார்த்தார். செல்வர் வந்து தங்கும் விடுதிக்குப் படம் வரைவதில் அவர் மனம் நிறைவு கொள்ளவில்லை. 1983-இல் ஒராங்கித் திட்டத்தில் வந்து சேர்ந்தார். ஆரிப் ஹசன் என்னும் மூத்த கட்டடக் கலைஞர் அத்திட்டத்தின் ஆலோசகராக இருந்து வழிகாட்டினார்.

அம்மையார் வந்த காலத்தில் வேலை இடர்ப்பட்டுக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் கட்டிய சந்துக் குழாய்களை ஆராய்ந்தபோது பல குறைகள் வெளியாயின. சிமெண்டும் மணலும் ஜல்லியும் கலந்த விகிதம் தவறு. காங்கிரீட்டு போட்டபின் தண்ணீர் விட்டு ஆற வைக்கவில்லை. அதனால் தொட்டிகளும் மூடிகளும் விரிசல் கண்டன. அலுவலகம் கொடுத்த அறிவுரை கொத்தனார் காதுக்குச் சென்று சேரவில்லை என்பதே இதன் காரணம். குற்றத்தை மக்கள் மீது சுமத்தி ஒதுங்குவது எளிது. அங்கிருந்தவர்கள் அவ்வாறு செய்யவில்லை. மேன்ஹோல் தொட்டியை அந்த இடத்திலேயே வார்க்க இரும்பு அச்சுகள் செய்தனர். படங்களுடன் கூடிய துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டனர். சந்திலேயே கூட்டம் போட்டு, கலவை போடுவது எப்படி, தண்ணீர் விடுவது எத்தனை நாள் என்று செய்து காட்டினர். கழிப்பிடத்துக்கும் சந்துக் குழாய்க்கும் இடையே ஒரு சிறு தொட்டி வைத்தால், கெட்டிப் பொருள் அதில் தங்கிக் குழாய் அடைபடாது என்பதையும் புகட்டினர்.

1988-இல் ஒராங்கித் திட்டம் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தபோது, ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமான நிறுவனத்தின் தலைமை அம்மையாரிடம் வந்தது. அதன்பின் அவர் இறக்கும் வரையில் அப்பொறுப்பில் இருந்தார். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் வீட்டு வசதித் துறையில் மேற்படிப்பும் முடித்திருந்தார். கராச்சியின் கல்லூரிகளில் மாணவர்களுக்குப் பாடமும் நடத்தினார். ஆனால் அவருடைய உண்மையான வகுப்பறை ஒராங்கியின் சந்துகளே ஆகும்.

2000-ஆம் ஆண்டளவில் ஒராங்கியில் ஏறத்தாழ 6,000 சந்துகளில், ஏறத்தாழ 90,000 வீடுகள், தம் கைப்பணம் ஏறத்தாழ 8 கோடி பாகிஸ்தான் ரூபாயைச் செலவிட்டுத் தமக்கு வேண்டிய சாக்கடையைத் தாமே கட்டிக்கொண்டன. உலகின் பெரிய குடிசைப் பகுதிகளுள் ஒன்று என்று பேர் பெற்ற இடத்தில் இது நடந்தது.

உட்பணியும் வெளிப்பணியும்

மக்களே எல்லாவற்றையும் செய்துகொள்வார்கள், அரசாங்கம் கைகட்டி நிற்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அம்மையாரும் அவருடைய தோழர்களும் வேலையை நான்கு படிகளாகப் பிரித்தனர். வீட்டுக்குள் கழிப்பிடம், சந்தில் குழாய், பல சந்துகளை இணைக்கும் துணைச் சாக்கடை ஆகிய மூன்றும் உட்பணி. இவற்றை மக்கள் தம் பணத்தில் செய்வர். நான்காவது படியான பெருஞ்சாக்கடையும், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையமும் வெளிப்பணி. இவற்றை அரசாங்கமே செய்ய வேண்டும். எந்தச் சந்தும் தனியே இவற்றைச் செய்ய இயலாது.

இவ்வாறு பங்கு பிரிப்பதனால் இரு தரப்புக்கும் நன்மை உண்டு. அரசாங்கத்தின் பணம் மூலை முடுக்கெல்லாம் சிதறாமல் பெரிய வேலையில் நிற்கிறது. மக்களோ, "எங்கள் பங்கை முடித்துவிட்டோம், உங்கள் பங்கு எங்கே?" என்று தலை நிமிர்ந்து கேட்கும் உரிமை பெறுகிறார்கள். இரந்து கேட்பதற்கும், கணக்குக் காட்டிக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஊராட்சித் தலைவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த முறை ஒராங்கியோடு நிற்கவில்லை. சிந்து மாகாணத்தின் கச்சி ஆபாதி ஆணையம் இதனை மேற்கொண்டது. பஞ்சாப் மாகாணத்தில் பைசலாபாத் நகரத்து மக்கள் இதனைப் பின்பற்றினர். லோத்ரான் மாவட்டத்தில் சிறு நகரிலும், பின்னர்க் கிராமங்களிலும் இது பரவியது. 2006-ஆம் ஆண்டில் அந்நாட்டின் தேசியத் துப்புரவுக் கொள்கையிலும் இடம் பெற்றது.

கல்லும் கொத்தனும்

சாக்கடைக்குப் பின் வீட்டின் மீது கவனம் சென்றது. ஒராங்கி வாசி வீடு கட்டக் கல்லும் சிமெண்டும் வாங்கும் இடத்தைத் 'தல்லா' என்பர். அது சந்தின் முனையில் இருக்கும் சிறு களம். தல்லாக்காரர் கடனாகவும் பொருள் கொடுப்பார். கட்டட யோசனையும் கூறுவார். ஏழைக்கு வங்கியும் அவரே, என்ஜினீயரும் அவரே. ஆனால் அவர் களத்தில் கையால் வார்த்த சிமெண்டுக் கல் நொறுங்கிப் போகும் தன்மையுடையது. சுவர் விரைவில் வெடிக்கும்.

தல்லாக்காரரைச் சுரண்டல்காரர் என்று விலக்கிவிட்டு, திட்டத்தின் பெயரால் புதிய களம் ஒன்று திறந்திருக்கலாம். அம்மையாரின் குழுவினர் அவ்வழி செல்லவில்லை. தல்லாக்காரரிடமே சென்று, கலவையைத் திருத்தி, இயந்திரத்தால் கல் அழுத்தும் முறையைக் கற்பித்து, அதற்குக் கடனும் ஏற்பாடு செய்தனர். கூரைக்கு முன்வார்ப்புக் கட்டைகளும் ஓட்டுப் பலகைகளும் செய்ய வழி காட்டினர். கொத்தனார்களுக்குப் பயிற்சி அளித்தனர். கல் உறுதிப்பட்டது. மக்கள் ஏற்கெனவே எந்த வாசலுக்குச் செல்கிறார்களோ, அந்த வாசலைச் செம்மைப்படுத்துவது என்பது இதன் தத்துவம்.

வரைபடத்தின் வலிமை

இனி நமது உரையின் நடுநாயகமான பகுதிக்கு வருவோம். சந்தை அளந்து படம் வரைந்த பழக்கம், சிறுகச் சிறுக நகரத்தையே வரையும் வேலையாக வளர்ந்தது. அம்மையார் இவ்வேலைக்கு வெளியூர் நிபுணர்களை அழைக்கவில்லை. அந்தந்தக் குடியிருப்பின் படித்த இளைஞர்களுக்கே அளவைத் தொழிலைக் கற்பித்தார். அவர்கள் நூறு நூறாகக் கச்சி ஆபாதிகளை வரைந்தனர். எத்தனை சந்துகள், எத்தனை வீடுகள், எங்கே குழாய் இருக்கிறது, அதைப் போட்டவர் மக்களா அரசாங்கமா, கழிவுநீர் எந்த ஓடையில் விழுகிறது என்பனவெல்லாம் படத்தில் ஏறின.

படம் முடிந்ததும் ஓர் உண்மை வெளிப்பட்டது. கராச்சியின் கழிவுநீர் பெரும்பாலும் இயற்கையான ஓடைகள் வழியாகவே கடலுக்குச் செல்கிறது. ஏட்டில் உள்ள பெரிய குழாய்களில் பல வறண்டு கிடக்கின்றன. ஏனெனில் அவை மக்கள் கட்டிய குழாய்களோடு இணைக்கப்படவில்லை. ஆகவே புதிய பெருங்குழாய்களை எங்கோ புதைப்பதைவிட, இருக்கும் ஓடைகளையே கட்டி மூடிப் பெருஞ்சாக்கடையாக ஆக்குவதே சிக்கனமும் பயனும் உடையது என்று அம்மையாரின் நிறுவனம் வாதாடியது. கோரங்கிப் பகுதிக்கென ஆசிய வளர்ச்சி வங்கியின் பெருங்கடனில் தீட்டப்பட்ட கழிவுநீர்த் திட்டம் ஒன்று இருந்தது. அதில் ஒரு சிறு பங்கு செலவிலேயே வேலையை முடிக்கலாம் என்று படங்களையும் கணக்குகளையும் காட்டினர். 1999-இல் அந்தக் கடன் கைவிடப்பட்டது. ஒரு சந்தின் வாட்டத்தில் தொடங்கிய வேலை, ஒரு மாகாணத்தின் கடன் சுமையைத் தடுத்து நிறுத்தும் வலிமை பெற்றது.

தண்ணீரையும் அவர் வரைந்தார். நகரத்துக் குழாய்களிலிருந்து முறையற்று நீர் எடுத்து, லாரிகளில் ஏற்றி, அந்நீர் கிடைக்காத ஏழைகளுக்கே விற்கும் நிலையங்கள் எங்கெங்கே உள்ளன என்பதைப் பதிவு செய்தார். யாருடைய நீர் யாருக்கு விற்கப்படுகிறது என்பது எல்லோரும் அறிந்த இரகசியமாக இருந்தது. அது படமாக வந்தபோது சிலருக்குச் சங்கடமாயிற்று.

நகரம் விழுங்க வந்த சிற்றூர்கள்

கராச்சியின் புறத்தே பழைய சிற்றூர்கள் பல உள்ளன. சிந்தி மொழியில் அவற்றை 'கோட்' என்பர். ஆடு மாடு மேய்ப்போரும், சிறு விவசாயிகளும், மீனவரும் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்து வந்தனர். நிலம் அரசாங்கத்தின் பெயரில் இருந்தது. குடியிருப்பவர் கையில் பத்திரம் இல்லை. நிலத்துக்கு விலை இல்லாத காலத்தில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

நகரம் விரிந்தது. சாலை வந்தது. நிலத்தின் விலை ஏறியது. அப்போது நில அபகரிப்பாளர்கள் வந்தனர். ஊரையே காலி செய்து, மனை பிரித்து விற்றால் கொள்ளை இலாபம். பத்திரம் இல்லாத ஊர், சட்டத்தின் கண்ணுக்கு வெற்று நிலம். அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருக்கலாம், ஒரு மயானம் இருக்கலாம், நூறு வீடுகள் இருக்கலாம். ஏட்டில் இல்லையென்றால் அவை எதுவுமே இல்லை.

சிற்றூர்களின் குடியிருப்பு உரிமையை உறுதிப்படுத்தச் சிந்து மாகாணத்தில் 1987-ஆம் ஆண்டிலேயே 'கோட் ஆபாத்' சட்டம் வந்திருந்தது. ஆனால் சட்டத்தின் பயனைப் பெற, ஊர் எங்கே இருக்கிறது, எல்லை எது, எத்தனை குடும்பங்கள், எவ்வளவு காலமாக வாழ்கின்றனர் என்று நிறுவ வேண்டும். அதைச் செய்வார் இல்லை. அம்மையாரும் அவருடைய இளைஞர்களும் இந்த வேலையில் இறங்கினர். ஊர் ஊராகச் சென்று, அவ்வூர் மக்களையே துணைக்கு வைத்துக்கொண்டு படமும் பட்டியலும் தயாரித்தனர். ஏறத்தாழ ஆயிரம் சிற்றூர்களுக்கு உரிமை வழங்க மாகாண அரசாங்கம் முன்வந்ததில் இந்தப் படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

நம் கேள்விக்கு இப்போது விடை கிடைக்கிறது. வரைபடம் இல்லாத நிலத்தில்தான் அபகரிப்பவனுக்கு வாழ்வு. படம் வந்த மறுநாள் அவன் பிழைப்பில் மண் விழுகிறது. அம்மையாரிடம் ஆயுதம் இல்லை, பதவி இல்லை, கட்சி இல்லை. அவர் வரைந்த ஒவ்வொரு தாளும் பல கோடி ரூபாய் பெறும் நிலத்தைச் சிலருடைய பிடியிலிருந்து விடுவித்தது. மிரட்டல்கள் வந்தன. அவர் வேலையை நிறுத்தவில்லை.

அவர் கொல்லப்பட்ட மறுநாளே, மோதலில் ஒருவனைச் சுட்டு வீழ்த்திய போலீசார், கொலையாளி அவனே என்று அறிவித்தனர். பின்னர் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி நடந்த விசாரணை, போலீசாரின் புலன்விசாரணை திரிக்கப்பட்டிருந்தது என்று கண்டது. 2021 டிசம்பரில் ஒரு நீதிமன்றம் நால்வருக்கு ஆயுள் தண்டனையும் ஐந்தாமவருக்கு ஏழாண்டுச் சிறையும் விதித்தது. 2022 நவம்பரில் சிந்து உயர் நீதிமன்றம் அத்தண்டனைகளை ரத்து செய்தது. ஆயிரம் ஊர்களின் உரிமைக்குச் சான்று திரட்டிய அம்மையாரின் கொலை வழக்கில், ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின்னும், சான்று நிலைக்கவில்லை. இதை நாம் வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

ஆயினும் அவர் நிறுவிய வேலை அவரோடு மடியவில்லை. அவரிடம் பயின்ற இளைஞர்கள் தொடர்ந்து அளந்தனர், தொடர்ந்து வரைந்தனர். தலைவர் ஒருவரை வீழ்த்தலாம். ஊருக்கு ஊர் அளக்கக் கற்றவர்கள் இருக்கும்போது தொழிலை வீழ்த்த முடியாது. இதனையே அம்மையார் தேடி வைத்த சொத்து எனலாம்.

நாம் கொள்ளத்தக்கவை

அன்பர்களே! வேற்று நாட்டுக் கதையைக் கேட்டு வியந்துவிட்டு எழுந்து செல்வது நமது நோக்கமன்று. நம் ஊராட்சிகளில் நாளையே தொடங்கக்கூடிய சில வேலைகளை இதிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, நடந்து பார்ப்பது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டின் தெருக்களையும் சந்துகளையும் மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். நீர் எங்கே தேங்குகிறது, எந்த ஓடை மறிக்கப்பட்டிருக்கிறது என்பதை அப்போதுதான் அறியலாம். தண்ணீர் யாருடைய சிபாரிசையும் கேட்பதில்லை. அது வாட்டத்தை மட்டுமே அறியும். வாட்டம் பாராமல் கட்டிய கால்வாய்கள், செலவு கணக்கில் ஏறிய பின்னும், கொசு வளர்க்கும் தொட்டிகளாக நிற்பதை நாம் எத்தனையோ ஊர்களில் கண்டிருக்கிறோம். டியூப் லெவல் பிடித்து மட்டம் பார்க்கத் தெரிந்த கொத்தனார் இல்லாத ஊர் உண்டா? அவரை அழைத்து, முதலில் மட்டம் பாருங்கள்; பிறகு மண்வெட்டி எடுங்கள்.

இரண்டாவது, பங்கு பிரிப்பது. வீட்டாரின் பங்கு எது, தெருவாரின் பங்கு எது, ஊராட்சியின் பங்கு எது, அரசாங்கத்தின் பங்கு எது என்று கிராம சபையில் வெளிப்படையாகப் பேசி எழுதி வையுங்கள். தெருவாரின் பணத்தைத் தெருவாரே வைத்துக்கொள்ளட்டும். வரவு செலவுக் கணக்கு எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டப்படட்டும்.

மூன்றாவது, பதிவு செய்வது. இதுவே எல்லாவற்றிலும் தலையாயது. பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றின் மதிப்பை உழவர்களாகிய உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நிலமற்ற கூலிக் குடும்பம், நத்தத்திலோ புறம்போக்கிலோ குடிசை கட்டி இரண்டு தலைமுறை வாழ்ந்தும், கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் இருப்பதை நாம் அறிவோம். நகரத்துக்கு அருகிலுள்ள ஊர்களில் நிலத்தின் விலை ஏறும்போது முதலில் ஆட்டம் காண்பது அக்குடும்பமே. நம் ஊரில் பத்திரம் இல்லாத வீடுகள் எத்தனை, அவர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே வாழ்கின்றனர், பாதையும் ஓடையும் சுடுகாடும் மேய்ச்சல் நிலமும் எங்கெங்கே உள்ளன என்பதைக் காட்டும் ஒரு படமும் பட்டியலும் ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். அப்படம் பட்டா ஆகிவிடாது. பட்டா கேட்டுச் செல்லும் ஏழைக்கு அது ஊன்றுகோலாகும். ஊரின் பத்தாம் வகுப்பு மாணவர்கள் நால்வர், ஓர் அளவை நாடா, ஒரு கட்டுத் தாள், கிராம நிர்வாக அலுவலரின் ஒத்துழைப்பு ஆகியவை இருந்தால் சில வாரங்களில் இதை முடிக்கலாம்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. பட்டியல் எழுதும்போது வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராதீர்கள். விடுபட்ட ஒரு வீடு என்பது, நாளை இடிக்கப்படக்கூடிய ஒரு வீடு. ஊரின் கடைசித் தெருவிலிருந்து எழுதத் தொடங்குங்கள். வழக்கமாக விடுபடுவது அதுவே.

பர்வீன் ரஹ்மான் அம்மையார் கட்டிய மாளிகை என்று சுட்டிக் காட்ட ஒன்றும் இல்லை. அவர் வேலை பெரும்பாலும் மண்ணுக்கடியில் குழாயாகவும், அலுவலகப் பெட்டிகளில் தாளாகவும் இருக்கிறது. ஆனால் ஒராங்கியின் சந்தில் இன்று ஒரு குழந்தை கழிவுநீரை மிதிக்காமல் பள்ளிக்குச் செல்கிறதென்றால், கராச்சிக்கு வெளியே ஒரு சிற்றூர்க் கிழவர் தம் வீட்டு வாசலில் அச்சமின்றி உட்கார்ந்திருக்கிறாரென்றால், அதற்குப் பின்னால் அந்தக் கட்டடக் கலைஞரின் கை இருக்கிறது. அவர் நினைவுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை ஒன்றுண்டு. முகாம் முடிந்து ஊர் திரும்பியதும், ஊரின் கடைசித் தெருவுக்கு ஒரு தாளும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். முதல் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.